ஒத்துழைக்காத நோயாளி

மலையடிவாரத்து நெடுங்காவூரில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு பெரும்பாலும் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். குகை என்று நினைத்துவிட வேண்டாம், ஏ.சி. போட்ட அறை. அந்த ஊர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவு அது.

குருவின் பெயர் டாக்டர் மங்கையர்க்கரசி. நாற்பதுகூட ஆகவில்லை, தலையில் ஒரு நரை கிடையாது. சீடர் டாக்டர் அறவாழியின் தலையிலோ கறுப்பு முடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். திருச்சியில் காலமெல்லாம் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எழுதி அலுத்துப்போய், ஐம்பதைத் தாண்டிய பிறகு ஸ்கேன் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர். அதனால் இந்தக் கதையில் குரு சீடரை 'சார்' என்பார். சீடர் குருவை 'மேடம்' என்பார். யாரும் யார் காலிலும் விழுவதில்லை. சீடருக்கு மூட்டு வலி வேறு.

அறவாழி கெட்டிக்காரர். கடுகளவு கல்லாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஒன்றுதான் குறை. அதிலும் அடிவயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்கள் அவர் கண்ணில் பட்டால் தொலைந்தார்கள்.

அடிவயிற்றைப் பார்க்க வேண்டுமானால் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்திருந்தால் அதன் வழியாகப் பின்னால் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். காலியாக இருந்தால் குடலும் காற்றும்தான். ஆகவே, "நிறையத் தண்ணி குடிச்சிட்டு, அடக்கிக்கிட்டு வாங்க" என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்புவார்கள். உள்ளூர்க்காரர்கள் சொன்னபடி முட்ட முட்ட வந்து நெளிவார்கள். மலைக்கு மேலிருந்து வருகிற பெண்கள் மட்டும் காலியாக வந்து நிற்பார்கள்.

"அடுத்த வாரம் வாங்க!" என்று அறவாழி கத்துவார். பிறகு ரிப்போர்ட்டில், 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவார்.

அன்றைக்கும் அப்படி ஒன்றை எழுதி, குருவின் கையெழுத்துக்குக் கொண்டுபோனார். மங்கையர்க்கரசி வாசித்துப் பார்த்தார்.

"முழுசா எழுதலையே, சார்."

அறவாழி திரும்பிப் போய்க் கல்லீரலின் அளவைச் சேர்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னும் முழுசா இல்ல."

மண்ணீரலைச் சேர்த்தார். இரண்டு சிறுநீரகங்களையும் சேர்த்தார். கணையத்தைப் பற்றி ஒரு பத்தியே எழுதினார்.

"இன்னும் இல்லையே."

"மேடம், இதுக்கு மேல அந்தம்மா உடம்புல உறுப்பு கிடையாது."

"அவங்க எப்படி வந்தாங்க?"

"காலியா வந்தாங்க."

"எதுல வந்தாங்கன்னு கேட்டேன்."

அறவாழி விழித்தார். "அது ஸ்கேன்ல தெரியாதே, மேடம்."

குரு பேனாவை மூடி வைத்துவிட்டார். கையெழுத்து விழவில்லை.

அறவாழிக்குச் சுருக்கென்றது. "சரி, நானும் ஒண்ணு கேக்குறேன் மேடம். இவங்க ஏன் சொன்னபடி வர மாட்டேங்கிறாங்க? தண்ணி குடிக்கிறது என்ன பெரிய வித்தையா? இந்த ஒச்சம்மாவையே எடுத்துக்குங்க. சினைப்பையில கட்டின்னு பெரிய ஆஸ்பத்திரியில கை வச்சுப் பார்த்துச் சொல்லி அனுப்பியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் காலியா வர்றாங்க, திரும்பிப் போறாங்க. கட்டி முறுக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்து. அவங்களுக்கே அக்கறை இல்லேன்னா நாம என்ன பண்றது?"

"அவங்களுக்கு அடுத்து எப்ப?"

"புதன்கிழமை. வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குத் தேதி குடுக்கிறாங்க. ஸ்கேன் ரிப்போர்ட் கையில இல்லேன்னா அங்க உள்ளயே விடமாட்டாங்க. இதை விட்டா அப்புறம் எத்தனை மாசம் ஆகுமோ."



"சார், உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்தஞ்சு ஆகப்போகுது."

"புராஸ்டேட் ஸ்கேன் பண்ணிப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல மேடம். நமக்கு எதுக்கு அதெல்லாம்?"

"புதன்கிழமை உங்களுக்கும் ஸ்கேன். செவ்வாய்க்கிழமை மத்தியான பஸ்ல மலைக்கு மேல எட்டிக்காடு போயிடுங்க. அங்க நர்ஸ் குடியிருப்புல ஒரு அறை காலியா இருக்கு. தங்கிட்டு, காலையில பஸ்ல வாங்க. யார்கிட்டயும் டாக்டர்னு சொல்லிக்காதீங்க. நிறையத் தண்ணி குடிச்சிட்டு, அடக்கிக்கிட்டு வாங்க."

"அவ்வளவுதானே?" என்றார் அறவாழி.

"அவ்வளவுதான்" என்றார் குரு.

எட்டிக்காட்டுக்கு ஒரே ஒரு மினி பஸ். விடிந்ததும் ஒரு தடவை மலையிலிருந்து இறங்கும். மத்தியானம் ஒரு தடவை ஏறும். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு நோயாளி எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்கே காட்டிவிடும் உற்சாகத்தில் இருந்தார் அறவாழி. எழுந்ததும் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் குடித்தார். பாட்டிலை மறுபடி நிரப்பி அதையும் குடித்தார். நர்ஸ் சுக்குக் காப்பி கொடுத்தார். மரியாதைக்கு அதையும் குடித்துவிட்டுக் கம்பீரமாகப் பஸ் ஏறினார்.

கம்பீரம் இரண்டு வளைவு வரைக்கும் தாங்கியது.

பஸ் ஒரு இடத்தில் பால் கேனுக்காக நின்றது. இன்னொரு இடத்தில் வாழைத்தாருக்காக நின்றது. பிறகு, யாரோ ஒருவர் குளித்துவிட்டு வந்துகொண்டிருக்கிறார் என்பதற்காக நின்றது. அவர் தலை துவட்டிக்கொண்டே வந்து ஏறினார். ஒவ்வொரு குழியிலும் பஸ் ஒரு குதி குதிக்க, அறவாழியின் உள்ளே இருந்த தண்ணீர் இரண்டு குதி குதித்தது. முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை இறுக்கி, மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து வரிசை சீட்டில் ஒரு பெண். மடியில் மஞ்சப்பை. கொஞ்ச நேரமாக இவரையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணே, ஸ்கேன் எடுக்கவா?"

"எப்படித் தெரியும்?" என்றார் அறவாழி, பல்லைக் கடித்துக்கொண்டு. குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஒக்காந்திருக்கிற லட்சணத்துலயே தெரியுதே. தண்ணி குடிச்சிட்டீகளா?"

தலையை மட்டும் ஆட்டினார்.

"அடப்பாவமே! மொதத் தடவை போல." அவள் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. "எனக்கும் அப்படித்தான் சொன்னாக. நானும் சொன்னபடி கேட்டு ஒரு செம்பு குடிச்சிட்டு ஏறுனேன். பாதி மலை தாண்டல. சேலையோட போச்சு. பஸ்ஸே பாத்துச்சு. அன்னையிலருந்து, ஸ்கேனுன்னா முந்தின நாள் பொழுது சாஞ்சதும் பச்சத்தண்ணி பல்லுல படவிடமாட்டேன்."

"கொஞ்சம் அடக்கிக்கிட்டா…"

"எங்கிட்டு அடக்க? உள்ள ஒரு கட்டி கெடக்குதாம். அது வேற போட்டு அமுக்குது. நாலு மடக்கு எறங்குனாலும் நிக்காது."

அறவாழிக்கு இது தெரியும். பெரிய கட்டி மூத்திரப்பையை அழுத்தும், அடக்க முடியாது. புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறார். புத்தகத்தில் பஸ் இல்லை, அதனால் அவருக்கும் அது தோன்றவில்லை.

"கீழ இறங்கினதும், பஸ் ஸ்டாண்டுல…"

"அங்க பொம்பளைக கக்கூஸு பூட்டிக் கெடக்கு. சாவி ஆருகிட்ட இருக்குன்னு கேட்டா, கேட்ட ஆளையே ஒரு மாதிரி பாக்குறாக."

"ஆஸ்பத்திரியிலயே குடிச்சிட்டுக் காத்திருக்கலாமே?"

"காத்திருக்கலாம். முட்டிக்கிட்டு வாரதுக்குள்ள மத்தியான பஸ்ஸு போயிருமே. எம் வீட்டுக்காரரு எலவமரத்துலருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கெடக்காரு. தோசையாட்டம் திருப்பித் திருப்பிப் போடணும். ஒரே பக்கமா கெடந்தா புண்ணு வச்சிரும். நாளைக்கின்னா நாத்துனா வருது, அது பாத்துக்கிரும். இன்னைக்குத் திருப்ப ஆளில்ல."

"இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எங்கிட்டுச் சொல்ல? ஒச்சம்மான்னு கூப்பிடுவாக, உள்ள போவேன். அந்த ரூமு ஒரே இருட்டு. ஒரு டாக்டரு மூஞ்சிய மூடிக்கிட்டு, டிவிப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருப்பாரு. காலின்னு தெரிஞ்சதும் ஒரு கத்து கத்துவாரு பாருங்க, செவுரு அதிரும். வெளிய வந்துருவேன்."

அறவாழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவளுடைய கல்லீரலை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லியிருப்பார். முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"ஆனா நல்ல மனுசருதாண்ணே அவரு" என்றாள் ஒச்சம்மா.

"எப்படிச் சொல்றீங்க?"

"கெட்ட கொணத்துல கத்துற ஆளு வேற, பசியில கத்துற ஆளு வேற. இவரு பசியில கத்துறாரு. வீட்டுல சமைச்சுப்போட ஆளில்லையோ என்னமோ. சாப்பிட்டீகளான்னு ஒரு நாளாச்சும் கேக்கணுமுன்னு நெனப்பேன். அவரு எங்க கேக்கவிடுறாரு?"

அறவாழியின் மனைவி மக்கள் எல்லாம் திருச்சியில். இங்கே லாட்ஜில் ஓர் அறை. காலையில் ஒரு டீ, அப்புறம் எது கிடைக்கிறதோ அது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. ஆனால் மனசுக்குக் கீழே இருந்த அவசரம் மனசைவிடப் பெரியதாக இருந்தது.

நல்லவேளையாக, பாறை வளைவில் டிரைவர் டீக்காக நிறுத்தினார். ஆண்கள் எல்லாரும் திபுதிபுவென்று இறங்கி, ஆளுக்கு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அறவாழி இறங்கவில்லை. சொன்ன சொல் தவறாத நோயாளி அவர். கண்ணை மூடி, திருச்சி மலைக்கோட்டைப் படிகளை ஒவ்வொன்றாக மனதில் ஏறினார். எங்கேயோ தண்ணீர் சலசலத்து ஓடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், மூட்டு வலியெல்லாம் மறந்து தாவிக் குதித்து, ஒரு பெரிய மரத்தை நோக்கி ஓடினார்.

திரும்பி வரும்போதுதான் கவனித்தார். பஸ்ஸில் ஆண்கள் இருந்த சீட்டெல்லாம் காலி. பெண்கள் இருந்த சீட்டில் ஒருத்திகூட அசையவில்லை. எல்லாரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நிம்மதியாண்ணே?" என்று கேட்டாள் ஒச்சம்மா. "ஒங்களுக்கென்ன, மலை நெறைய மரம் கெடக்கு."

ஆஸ்பத்திரியில் முதலில் அறவாழியின் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். படுத்தார். மங்கையர்க்கரசி வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து, திரையைப் பார்த்தார்.

"காலியா இருக்கே, சார்."

"மேடம், நான் ரெண்டு பாட்டில் குடிச்சேன். வழியில டீக்கு நிறுத்தினான் பாருங்க, அந்த இடத்துல…"

"அதெல்லாம் ஸ்கேன்ல தெரியாது."

குரு தட்டச்சு செய்து ஒரு தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று இருந்தது. பிறகு, "அடுத்த வாரம் வாங்க!" என்று கத்தினார். கத்திப் பழக்கமில்லாததால் இருமல் வந்துவிட்டது. சீடர்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் ஒச்சம்மா உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"என்னண்ணே, கத்திட்டாரா?"

"இல்லம்மா. இன்னைக்கு வேற ஒருத்தங்க."

"அப்ப நேரம் நல்லாருக்கு" என்று அவள் சிரித்தாள். "ஆனா நான் காலியாத்தான் வந்திருக்கேன். நல்லவுக கத்துனாலும் காலி காலிதானே."

அறவாழி கையிலிருந்த தாளை ஒரு தடவை பார்த்தார். நேராக ஊழியர் அறைக்குப் போனார். ஸ்கேன் அறையை ஒட்டி ஒரு கழிப்பறை உண்டு. டாக்டர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருப்பார்கள். அந்தச் சாவியை எடுத்துவந்து கதவைத் திறந்துவிட்டார். சாவியைத் திரும்பக் கொண்டுபோகாமல், வெளிப்பக்க ஆணியிலேயே மாட்டினார். பிறகு ஒரு குடத்தில் தண்ணீரும் இரண்டு டம்ளரும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.

"குடிங்கம்மா. கதவு பக்கத்துலயே இருக்கு, திறந்தும் இருக்கு. பை பாதி நிறைஞ்சாப் போதும். லேசா வந்தாலும் சொல்லுங்க, உடனே பார்த்துடலாம். வரிசை கிரிசையெல்லாம் வேண்டாம்."

"நீங்க ஆருண்ணே, சாவியெல்லாம் எடுக்குறீக?"

"இங்க எனக்குக் கொஞ்சம் பழக்கம்."

அவள் திறந்திருந்த கதவை எட்டிப் பார்த்தாள். தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தாள். குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்தாள். அதன் பிறகுதான் டம்ளரைக் கையில் எடுத்தாள். முந்தின நாளிலிருந்து வறண்டிருந்த தொண்டை. மடக் மடக்கென்று குடித்தாள். தனக்கும் ஸ்கேன் பாக்கி என்று அறவாழியும் குடித்தார். கடிகாரத்தைப் பார்ப்பதும் டம்ளரைப் பார்ப்பதுமாக இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியான பஸ் எதிர்ப்புறம் வந்து நின்றுவிட்டது, ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"வருதாம்மா?"

"இன்னும் இல்ல. ஒங்களுக்கு?"

"எனக்கு வந்துடுச்சு."

"ஒங்களுக்கு மட்டும் மரமில்லாத எடமாப் பாத்து வருது."

இன்னொரு டம்ளர் உள்ளே போனது. பஸ்ஸின் கூரையில் மூட்டை ஏற்றத் தொடங்கினார்கள். ஒச்சம்மா சட்டென்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணே, இப்பப் பாத்தா உண்டு."

ஓடினார்கள். இருட்டறையில் அவள் படுத்துக்கொண்டாள். அறவாழி மூலையில் போய் முகமூடியை மாட்டி, கையுறையைப் போட்டு, தன் காலைப் பின்னிக்கொண்டு நின்று கருவியை வைத்தார். பை பாதிதான் நிறைந்திருந்தது. பாதி போதுமாக இருந்தது. இத்தனை நாளாகக் குடலும் காற்றும் மட்டுமே காட்டிய திரையில், வலது பக்கம் கட்டி முழுசாகத் தெரிந்தது. பெரியது. இன்னும் முறுக்கவில்லை.

"மூச்சை இழுத்துப் பிடிங்க!"

பழக்கதோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது. சுவர் அதிர்ந்தது.

"அடி ஆத்தி!" ஒச்சம்மா தலையைத் தூக்கினாள். "அண்ணே, நீங்களா அது?"

அறவாழி முகமூடியை இறக்கினார். அடுத்த மேசையில் குரு எதையோ மும்முரமாகத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று அறவாழி தயாராக நின்றார். ஒச்சம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப காலையிலருந்து நீங்க ஒண்ணுமே சாப்பிடலையா?"



"இல்லம்மா."

"அதான பாத்தேன்" என்றாள். மஞ்சப்பையை இழுத்து, காகிதத்தில் சுற்றியிருந்த அவித்த மரவள்ளிக்கிழங்கில் பாதியைப் பிட்டு, மேசையில் வைத்தாள். ஜெல்லைத் துடைத்துக்கொண்டு, திறந்திருந்த அந்தக் கதவை நோக்கி ஓடினாள்.

அறவாழி கிழங்கை வாயில் போட்டுக்கொண்டே ரிப்போர்ட்டை எழுதினார். சுருக்கமாக எழுதினார். கல்லீரலைப் பற்றி ஒரே வரி. குருவிடம் நீட்டினார். ஒச்சம்மா பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். எதிர்ப்புறம் பஸ்ஸில் டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

குரு வாசித்தார். பேனாவைத் திறக்கவில்லை.

"எதுல வந்தாங்க?"

"எட்டிக்காட்டு மினி பஸ்ல, மேடம். வழியில ஆம்பளைங்களுக்கு மரம் இருக்கு, இவங்களுக்கு ஒண்ணுமில்ல. அதனால நேத்துச் சாயங்காலத்துலேர்ந்து தண்ணியே குடிக்கல. குடிச்சாலும் கட்டி அடக்கவிடாது. வீட்டுல புருஷன் இடுப்பு ஒடிஞ்சு கிடக்கார். இன்னைக்கு இவங்க போய்த்தான் அவரைத் திருப்பிப் போடணும். நாளைக்கு நாத்தனார் வர்றாங்க, அதனால தேதி வாங்க இவங்களே வந்துடுவாங்க."

குரு கையெழுத்துப் போட்டார்.

அறவாழிக்கு உடம்பு சிலிர்த்தது. ஏதோ ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. புதிதாக ஞானம் வந்தவர்கள் செய்கிற முதல் காரியத்தை அவரும் செய்தார். இன்னொரு கேள்வி கேட்டார்.

"மேடம், இதையெல்லாம் ரிப்போர்ட்டுல எங்க எழுதணும்? அளவுக்கு மேலயா, கீழயா? தனியா ஒரு தலைப்புப் போட்டு…"

வெளியே ஹார்ன் அடித்தது. டிரைவரைப் பிடித்து நிறுத்த ஒச்சம்மா ஓடினாள்.

குரு தாளை மடித்து அவர் கையில் திணித்தார்.

"எழுதிக்கிட்டு நின்னா பஸ் போயிடும், சார். அடக்கிக்கிட்டு ஓடுங்க."